கண்மலர் சாத்தியாயிற்று, கண்ணைக் காட்டியாயிற்றா?

வாசிப்பதைச் சற்று நிறுத்துங்கள். இரு கைகளையும் முன்னே நீட்டி, இரண்டு பெருவிரல்களையும் ஒன்றை ஒன்று தொட நிமிர்த்திப் பிடியுங்கள். இடக்கண்ணை மூடுங்கள். வலக்கண்ணால் இடது பெருவிரலை மட்டும் பாருங்கள். பார்வையை எடுக்காமல் வலக்கையை மெல்ல வலப்பக்கம் கொண்டு போங்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் வலது பெருவிரலின் நுனி காணாமற் போய்விடும்.

போன இடத்தில் என்ன தெரிகிறது? கறுப்புப் புள்ளியா? ஓட்டையா? இரண்டும் இல்லை. பின்னாலுள்ள சுவர் சுவராகவே தெரிகிறது. பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் வாசல் அது. அங்கே ஒளியை உணரும் கலம் ஒன்றுகூடக் கிடையாது. மூளை அக்கம்பக்கத்தைப் பார்த்து அந்த இடத்தை நிரப்பிவிட்டு, எல்லாம் சரி என்கிறது. 17ஆம் நூற்றாண்டில் மரியோட் என்ற பிரெஞ்சு அறிஞர் சோதித்துக் காட்டியபின்தான் இது உலகறிந்த செய்தியானது. ஞானக்கண் திறந்தவர்கள் என்று நாம் கொண்டாடியவர்கள் எத்தனையோ பேர். தம் ஊனக்கண்ணில் உள்ள இந்தப் பள்ளத்தை அவர்களில் யார் நமக்குச் சொன்னார்கள்?

இப்போது கேட்கிறேன். “எனக்குக் கண் வடிவாத் தெரியுது” என்கிறீர்களே, அதற்கு யார் சாட்சி? உங்கள் கண்ணா? அந்தச் சாட்சி பொய் சொல்வதைச் சற்று முன்தானே கையும் களவுமாகப் பிடித்தீர்கள்?

விழித்திரையின் உட்பக்கத்தில் திரட்டுக்கலங்கள் என்ற நரம்புக் கலங்கள் இருக்கின்றன. ஒரு கண்ணுக்கு ஏறக்குறைய 10 முதல் 12 இலட்சம். ஒவ்வொரு கலமும் ஓர் இழையை நீட்டுகிறது. அவ்வளவு இழைகளும் கூடிப் பார்வை நரம்பாகி மூளைக்குப் போகின்றன. குளுக்கோமா, ஊர்ப் பேச்சில் கண் பிரஷர், கொல்வது இந்தக் கலங்களைத்தான். திடீரென்று வலியோடு தாக்கும் வகையும் உண்டு. ஆனால் பரவலாக இருக்கும் வகை வலி தராது, கண்ணைச் சிவக்க வைக்காது, நடுப்பார்வையைக் கடைசிவரை விட்டுவைக்கும். அதனால் பேப்பர் வாசிப்பவருக்கும் அரிசியில் கல் பொறுக்குபவருக்கும் ஒன்றும் தெரிவதில்லை. செத்த கலம் மறுபடி முளைக்காது. கண்புரை என்றால் வில்லையை மாற்றலாம். கருவிழி பழுதானால் இறந்தவர் கொடுத்த கருவிழியைப் பொருத்தலாம். பார்வை நரம்பை மாற்றிவைக்கும் வைத்தியம் உலகில் எங்கும் இல்லை.

இத்தனை கலங்கள் செத்துவிட்டன என்று எப்படி அறிவது? நெடுங்காலம் ஒரே வழிதான் இருந்தது. ஆள் இறந்தபின் கண்ணை எடுத்து, மெல்லிய சீவல்களாக்கி, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து எண்ணுவது. அமெரிக்காவில் பால்ரிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹரி குவிக்லியும் உடன் உழைத்தவர்களும் அப்படித்தான் எண்ணினார்கள். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களது ஆய்வுக்கு ஆதாரம் குளுக்கோமா இருந்த 13 பேரின் 17 கண்கள். உயிரோடிருந்த காலத்தில் அவர்கள் பார்வைப் புலச் சோதனை செய்துகொண்டவர்கள். புள்ளி வெளிச்சம் தெரிந்தால் பொத்தானை அமத்தச் சொல்வார்களே, அந்தச் சோதனை. அந்தப் பதிவையும் இறந்தபின் எண்ணிய கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். சோதனையில் குறை பதிவாகும் கட்டத்தில், நலமான கண்ணோடு ஒப்பிட்டால் 25 முதல் 35 சதவீதக் கலங்கள் ஏற்கெனவே போயிருந்தன.

நின்று யோசியுங்கள். கருவி கண்டுபிடிப்பதற்குள்ளேயே மூன்றில் ஒரு பங்கு வரை போய்விடுகிறது என்றால், நீங்களாக உணர்ந்து, “என்னவோ மங்கலாக் கிடக்கு” என்று சொல்லும் நாளில் எவ்வளவு போயிருக்கும்?

இன்றைக்கு இதற்கு ஒருவரும் சாக வேண்டியதில்லை. 1991இல் அமெரிக்காவில் டேவிட் ஹுவாங், எரிக் சுவான்சன், ஜேம்ஸ் பியூஜிமோட்டோ ஆகியோரும் வேறு பலரும் சேர்ந்து, ஒளியைக் கொண்டு விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் எடுக்கும் முறையை வெளியிட்டார்கள். கண் வைத்தியர்கள் ஓ.சி.ரி. ஸ்கேன் என்பது அதைத்தான். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை உள்ளே அனுப்பி, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் திரும்பி வரும் ஒளியை ஒப்புநோக்கி, நரம்பிழைப் படலத்தின் தடிப்பை மைக்கிரோமீற்றர் கணக்கில் சொல்கிறது. நலமான கண்ணில் பார்வை நரம்பைச் சுற்றி அது சராசரியாக 90 முதல் 100 மைக்கிரோமீற்றர் வரை இருக்கும். ஊசி இல்லை, வெட்டு இல்லை. நாடியை வைத்துச் சில நொடிகள் அசையாமல் இருந்தால் போதும். அந்த மூவருக்கும் 2023இல் லாஸ்கர் விருது கிடைத்தது.

அளக்க முடியாத காலத்தில் அறியாமை விதியாக இருந்தது. அளக்க முடிகிற காலத்தில் அது நாம் எடுக்கும் முடிவு. முடிவு என்றால் அதற்குப் பொறுப்பாளி ஒருவர் இருக்க வேண்டும். யார் அவர்?

இதைத் தொண்டைமானாற்றில் நின்று கேட்பதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்த ஊரின் பெயரைச் சொன்னால் இரண்டு இடங்கள் நினைவுக்கு வரும். ஒன்று ஆற்றங்கரைச் செல்வச்சந்நிதி கோயில். வாயைத் துணியால் கட்டி மௌனமாகப் பூசை செய்யும் பூசகர்கள், மடங்களில் அன்னதானம், ஆவணித் திருவிழாவுக்குத் திரளும் சனம், கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் புறப்படும் அடியார்கள். மற்றது வெளிக்கள நிலையம். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு மாதிரி வினாத்தாள் ஆக்கி, விஞ்ஞானத்தைக் கேள்வியும் புள்ளியுமாகக் குடாநாடெங்கும் கொண்டு போன நிறுவனம். ஒரு பக்கம் நம்பிக்கை, மறுபக்கம் பரீட்சை.

இரண்டுக்கும் சண்டை வரும் என்று பயப்படுவோர் உண்டு. என் கவலை, இரண்டும் இத்தனை சமாதானமாக இருக்கின்றனவே என்பதுதான். உயிரியல் வினாத்தாளில் கண்ணின் குறுக்குவெட்டுப் படத்தைப் பெயரிட்டு முழுப் புள்ளி வாங்குகிறது பிள்ளை. அதே வீட்டில் அம்மம்மா படியில் கால் தடக்கி விழும்போது, “வயசு போனா அப்பிடித்தான்” என்கிறது. விழித்திரையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் விடைத்தாளோடு முடிந்துவிட்டதா? பரீட்சை மண்டபத்துக்கு வெளியே பயன்படாத விஞ்ஞானம் மனப்பாடம் செய்த தேவாரத்திலிருந்து எந்த வகையில் வேறுபட்டது? சொல்லப் போனால் தேவாரத்துக்குப் பண்ணாவது உண்டு.

அம்மம்மாவின் பக்கத்து வாதத்தையும் கேட்போம். “எனக்கென்ன பிள்ளை குறை? ஏன் வீணா ஆசுப்பத்திரிக்கு அலையிறாய்?” நியாயமான கேள்வி. பதில் தமிழ்நாட்டில் இருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை தென்மாவட்டங்கள் மூன்றில் 40 வயதுக்கு மேற்பட்ட 5150 பேரைப் பரிசோதித்தது. 2003இல் முடிவு வெளிவந்தது. 2.6 சதவீதத்தினருக்குக் குளுக்கோமா இருந்தது. அதில் மௌனமாக வரும் வகையைக் கொண்டிருந்தவர்களில் 93 சதவீதத்தினருக்குத் தமக்கு அந்த நோய் இருப்பதே அதுவரை தெரியாது. அதே வகையினரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஒரு கண்ணோ இரு கண்ணுமோ பார்வை போயிருந்தது. அவர்களில் பலர் ஒரு கண் பார்வை போன பிறகும் நோய் இன்னதென்று தெரியாமல் இருந்தவர்கள். ஒவ்வொருவரும் அதற்கு முந்திய கிழமை, “எனக்கென்ன குறை?” என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

சரி, குறை தெரிந்தபின் என்ன செய்கிறோம்? நேர்த்தி வைக்கிறோம். வெள்ளியில் கண்மலர் செய்து சாத்துகிறோம். கண் நோய்க்குக் கண் வடிவம். இதில் ஏமாற்றுவோர் யாரும் இல்லை. பயந்துபோன மனிதர் கைக்கு எட்டியதைச் செய்கிறார். அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் ஒரு கேள்வி. கண்மலர் சாத்தியபின் ஒருவருடைய பார்வை கெட்டால் அந்தக் கணக்கு எங்கே எழுதப்படுகிறது? தப்பியவர் வந்து தேங்காய் உடைக்கிறார், எல்லாருக்கும் தெரிகிறது. தப்பாதவர் வீட்டுத் திண்ணையில் இருக்கிறார். அவரை யார் எண்ணுகிறார்கள்? வெற்றியை மட்டும் எண்ணித் தோல்வியை எண்ணாமல் விடும் கணக்குப்பிள்ளையை ஒரு சங்கக்கடையில்கூட வைத்திருக்க மாட்டோமே!

“கண்ணப்பர் கண்ணையே கொடுத்தார், நீ வெள்ளிக்கே கணக்குக் கேட்கிறாய்” என்பீர்கள். கண்ணப்பரிடமே போவோம். பெரியபுராணத்துத் திண்ணனார், குடுமித்தேவரின் கண்ணில் குருதி வழியக் கண்டதும் முதலில் என்ன செய்தார்? செய்தவன் யார் என்று சுற்றிலும் தேடினார். பிறகு காட்டுக்குள் ஓடிப் பச்சிலை பறித்து வந்து பிழிந்து பார்த்தார். அது பலிக்காதபின்தான் அம்பைத் தன் கண்ணில் வைத்தார். அடுத்த கண்ணையும் எடுக்கப் போகையில், தனக்குப் பார்வை போய்விடும், இடம் தெரியாது என்று முன்கூட்டி யோசித்துக் காலை அடையாளமாக ஊன்றிக் கொண்டார். காரணம் தேடல், மருந்து, பலன் பார்த்தல், அடுத்த படிக்கு ஆயத்தம். படிப்பறியாத அந்த வேடர் செய்ததில் பாதியைக்கூடப் பட்டம் பெற்ற பக்தர்கள் செய்வதில்லை. அவருடைய பக்தியைப் பாடுகிறீர்கள்; அவருடைய புத்தியை ஏன் விட்டுவிட்டீர்கள்?

மடங்களில் போடும் சோற்றை நான் மதிக்கிறேன். பசித்தவனுக்குச் சாதியும் ஊரும் கேளாமல் இலை போடுவது மனிதர் மனிதருக்குச் செய்யும் மரியாதை. அதைச் செய்ய வானத்திலிருந்து கட்டளை வர வேண்டியதில்லை. ஒருவன் பசியோடு நிற்கிறான் என்பதே போதிய காரணம். அதே நியாயம் கண்ணுக்குப் பொருந்தாதா? பந்தியில் இருக்கும் 40 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று அரவிந்த் கணக்கு எச்சரிக்கிறது. பசி முகத்தில் தெரியும். இது தெரியாது. தெரியாத துன்பத்துக்கு இரங்கத் தெரியாவிட்டால் நம் இரக்கம் பார்வையாளருக்காக நடத்தும் கூத்தாகிவிடும். திருவிழா நாட்களில் மடத்துத் தாழ்வாரத்தில் கண் அழுத்தம் அளக்க ஒரு மேசை போட்டால் எந்த ஆகமம் தடுக்கும்?

இனி வீட்டுக்குள் வருவோம். இங்கேதான் நமது ஒழுக்கம் உண்மையில் சோதிக்கப்படுகிறது. நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகரில் குளுக்கோமாக்காரரின் உடன்பிறந்தாரையும் பிள்ளைகளையும் பரிசோதித்து 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆயுட்காலத்தில் இந்த நோய் வரும் வாய்ப்பு அந்த உறவினருக்கு 22 சதவீதம். நோயில்லாதவரின் உறவினருக்கு 2.3 சதவீதம். ஒன்பது மடங்குக்கு மேல். அதாவது உங்களுக்குக் குளுக்கோமா என்று வைத்தியர் சொல்லும் அந்த நிமிடம், உங்கள் கையில் உங்கள் தம்பியின் கண்ணைப் பற்றிய தகவலும் வந்துவிடுகிறது. அது உங்கள் சொத்தா? பூட்டி வைக்கலாமா?

பூட்டித்தான் வைக்கிறோம். பெட்டைக்குக் கலியாணம் பேசுகிற நேரம், வாய் திறக்காதே என்கிறோம். அங்கேயும் பாருங்கள் நம் கணக்கை. செவ்வாய் எந்த வீட்டில் நிற்கிறது என்று இரண்டு சாதகத்தையும் விரித்து வைத்து மணிக்கணக்காகப் பார்க்கிறோம். கோடிக்கணக்கான மைல் தூரத்தில் சுற்றும் ஒரு கிரகத்தைப் பற்றி அவ்வளவு அக்கறை. அடுத்த அறையில் இருக்கும் அப்புவின் கண் அழுத்தத்தைப் பற்றிக் கேட்டால் அவமானம். கிரகம் பெண்ணின் வாழ்வைக் கெடுத்ததாக எவரும் அளந்து காட்டியதில்லை. மறைத்த நோய் பிள்ளைகளுக்கும் வரக்கூடும் என்பதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். எது குற்றம்? செவ்வாயா, மௌனமா?

நோயில் இழிவு இல்லை. திரட்டுக்கலங்கள் சாவதற்கும் முற்பிறப்பில் செய்த பாவத்துக்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்பவர், பார்வை இழந்த ஒரு மனிதரை இரண்டாம் முறை தண்டிக்கிறார். அவரிடம் ஒன்று கேட்க வேண்டும்: கண்ணில் சொட்டு மருந்து விட்டால் முற்பிறப்புப் பாவம் குறையுமா? குறையாது என்றால், மருந்து விட்டவருக்கு நோய் மெதுவாகப் போவது எப்படி?

மெதுவாகப் போகிறது என்பதை வைத்தியர்கள் நம்பிக்கையாகச் சொல்லவில்லை. கண்ணுக்குள் உள்ள அழுத்தத்தைக் குறைத்தால் நல்லது என்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அவர்களும் நம்பித்தான் வந்தார்கள். பிறகு தங்கள் நம்பிக்கையையே சோதனைக் கூண்டில் ஏற்றினார்கள். சுவீடனில் நோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 255 பேரை, அவர்களது சம்மதத்தோடு, இரு பிரிவாக்கினார்கள். 129 பேருக்கு வைத்தியம். 126 பேருக்கு வைத்தியமின்றி நெருக்கமான கண்காணிப்பு. 2002இல் வெளிவந்த முடிவு: வைத்தியம் பெற்றவர்களில் 45 சதவீதத்தினருக்கு நோய் முற்றியது, பெறாதவர்களில் 62 சதவீதத்தினருக்கு. அழுத்தம் ஓர் அலகு குறைந்தால் முற்றும் அபாயம் ஏறக்குறைய 10 சதவீதம் குறைந்தது. இது முழு வெற்றி இல்லை. வைத்தியம் பெற்றும் பாதிக்குச் சற்றுக் குறைவானோருக்கு நோய் முன்னேறியது என்பதையும் அவர்களே எழுதி வைத்தார்கள். தன் தோல்வியைத் தானே அச்சிட்டு விற்கும் துணிவு எந்தச் சாத்திரிக்கு உண்டு?

அப்படியானால் கருவி சொல்வதெல்லாம் வேதமா? கண்மலரை விட்டுவிட்டு ஓ.சி.ரி. தாளைக் கும்பிடச் சொல்கிறேனா? இல்லை. பகுத்தறிவு தன் கருவியையும் கூண்டில் ஏற்றும். அந்தத் தாளில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் வரும். சிவப்பு என்றால், நலமானவர் என்று கருவியில் பதிந்து வைத்தவர்களோடு ஒப்பிட்டால் உங்கள் படலம் மெலிது என்று பொருள். அந்த நலமானவர்கள் யார்? உலகெங்கும் பரவலாகப் பாவிக்கப்படும் சிரஸ் என்ற கருவியின் பதிவில் 284 பேர் இருந்தார்கள். அதில் இந்திய வம்சாவளியினர் நூற்றுக்கு ஒருவர் அளவே. அந்த அளவுகோலை வைத்து வடமராட்சியில் ஒருவரின் கண் மெலிதா தடிப்பா என்று தீர்ப்புச் சொல்லும்போது கொஞ்சம் தயக்கம் வேண்டாமா? கிட்டப்பார்வை அதிகமுள்ள நலமான கண்ணையும் அது சிவப்பாகக் காட்டிப் பயமுறுத்துவது உண்டு. மறுபுறம், நோய் முற்றினால் படலம் ஏறக்குறைய 50 மைக்கிரோமீற்றரில் நின்றுவிடும். நரம்பிழைகள் போனாலும் இரத்தக் குழாய்களும் தாங்கு திசுவும் மிஞ்சுவதால் அதற்குக் கீழே அது இறங்காது. பார்வை மேலும் கெட்டுக்கொண்டிருக்க, எண் மட்டும் அசையாமல் நிற்கும். எண்ணைப் பார்த்துவிட்டு மனிதரைப் பார்க்காத வைத்தியர், கிரகத்தைப் பார்த்துவிட்டு மனிதரைப் பார்க்காத சாத்திரியின் தம்பி.

ஆராய்ச்சி இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. லண்டனில் பிரான்செஸ்கா கோர்டெய்ரோவின் குழு, சாகத் தொடங்கும் கலத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் பொருளை உடலில் செலுத்தி, அந்தக் கலங்களைக் கண்ணுக்குள்ளேயே புள்ளி புள்ளியாகக் காணும் வழியை மனிதரில் சோதித்து 2017இல் வெளியிட்டது. முதல் சோதனைக்கு முன்வந்தவர்கள் நலமானவர் 8 பேர், குளுக்கோமாக்காரர் 8 பேர். கலம் செத்தபின் எண்ணுவதிலிருந்து சாகும்போதே காண்பதற்கு வந்திருக்கிறோம்.

இந்த அறிவெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டதுண்டா? ஆய்வுகூடங்களில் பார்வை நரம்பு நசுக்கப்பட்டு, பிறகு கொல்லப்பட்டு, விழித்திரை விரித்து எண்ணப்பட்ட எலிகளிடமிருந்து. அவற்றின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. தேவைக்கு மேல் ஓர் எலியைக்கூடக் கொல்லாதிருப்பது ஆய்வாளரின் கடன். நாளத்துக்குள் ஊசி ஏற்றச் சம்மதித்த அந்தப் 16 பேரிடமிருந்து. வைத்தியமில்லாப் பிரிவில் நிற்கச் சம்மதித்த சுவீடன்காரரிடமிருந்து. செத்தபின் கண்ணைக் கொடுத்த அந்த 13 பேரிடமிருந்து. இவர்கள் எவருக்கும் அந்த ஆய்வால் பார்வை திரும்பவில்லை. தாம் ஒருபோதும் காணப்போகாத மனிதருக்காகக் கொடுத்தார்கள். சொர்க்கத்தில் இடம் தருவதாக எந்த ஆய்வுகூடமும் அவர்களுக்கு வாக்களிக்கவில்லை. தியாகம் என்ற பெயருக்கு இதைவிடத் தகுதியானது எது?

நம் மண்ணிலும் அத்தகையோர் இருந்தார்கள். கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்த ஆபிரகாம் கோவூர், பேயையும் மந்திரத்தையும் சவாலுக்கு அழைத்தவர். 1978இல் அவர் இறந்தபோது அவரது விருப்பப்படி கண்கள் கண் வங்கிக்கும் உடல் மருத்துவக் கல்லூரிக்கும் போயின. எலும்புக்கூடு தான் கற்பித்த கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியின் விஞ்ஞானகூடத்துக்குச் சேர வேண்டும் என்றும் எழுதி வைத்திருந்தார். கடவுளை நம்பாதவனுக்கு ஒழுக்கம் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்களுக்கு அவர் தன் உடலாலேயே பதில் சொல்லிவிட்டுப் போனார். பக்தியால் கண் கொடுப்பவர்களும் இந்தத் தீவில் ஏராளம். 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தான சங்கத்துக்கு இலங்கை பௌத்தர்கள் தம் நம்பிக்கையின் பேரிலேயே கண்களைக் கொடுத்து, அவை பல நாடுகளுக்குப் போயிருக்கின்றன. எனக்கு அதில் முரண்பாடு இல்லை. நம்பிக்கை ஒருவனை இன்னொருவனின் கண்ணுக்குப் பொறுப்பாளி ஆக்குமானால் வாழட்டும். அந்தப் பொறுப்பிலிருந்து தப்பிக்க உதவுமானால் அங்கேதான் என் சண்டை.

அரசாங்கத்தையும் விட்டுவிட முடியாது. இலங்கையில் அரச வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம். மக்கள் வரிப்பணத்தில் வந்த உரிமை அது. ஆனால் நோயாளிக்குத் தன் நோய் இன்னதென்று விளங்காமல் சொட்டு மருந்துப் போத்தலை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினால், அது இரண்டு மாதத்தில் அலுமாரிக்குள் போய்விடும். வலியில்லாத நோய்க்கு ஆயுள் முழுக்க மருந்து விடுவதற்கு விளக்கம் வேண்டும். சனத்துக்கு விளங்காது என்று சொல்ல வேண்டாம். மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே உடற்கூற்றையும் இரண வைத்தியத்தையும் பிரசவ வைத்தியத்தையும் தமிழில் அச்சிட்டு, தமிழிலேயே வைத்தியர்களை உருவாக்கினார். அன்று வைத்தியனுக்கே தமிழில் விளங்க வைத்த மண்ணில், இன்று நோயாளிக்குத் தமிழில் விளங்க வைக்க முடியாதா?

காசில்லை, கருவியில்லை என்பதும் முழு உண்மையில்லை. கண் அழுத்தம் அளப்பது சில நிமிட வேலை. பார்வை நரம்பின் தலையை ஒளி பாய்ச்சிப் பார்க்கும் கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இலேயே உலகுக்குக் கொடுத்துவிட்டார். சந்தேகம் வந்தவருக்குத்தான் ஸ்கேன். அழுத்தம் சாதாரணமாக இருந்தும் நரம்பு தேயும் கண்கள் உண்டு என்பதால், அழுத்தத்தோடு நிறுத்தாமல் நரம்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கண் சிவந்தால் பார்மசியில் நீங்களாகச் சொட்டு மருந்து வாங்கி மாதக்கணக்கில் விடாதீர்கள். ஸ்டீரொயிட் கலந்த மருந்து அழுத்தத்தை ஏற்றி இதே கலங்களைக் கொல்லக்கூடியது. இவை எதற்கும் விரதம் தேவையில்லை. வெட்கத்தை விட்டால் போதும்.

வெளிக்கள நிலையத்தின் வினாத்தாளை எழுதும் பிள்ளைக்கு ஒரு வினா வைக்கிறேன். உன் வீட்டில் 40 வயது தாண்டியவர் எத்தனை பேர்? அவர்களில் கடைசி இரண்டு வருடத்துக்குள் கண்ணின் உட்பக்கத்தை வைத்தியரிடம் காட்டியவர் எத்தனை பேர்? இரண்டாம் எண்ணை முதலாம் எண்ணுக்குச் சமமாக்கு. இதற்குப் புள்ளி கிடையாது. இதுதான் நீ படித்த உயிரியலின் செய்முறைப் பரீட்சை.

பெரியவர்களுக்கும் ஒன்று. கடவுள் இருக்கிறாரா என்ற வழக்கை நான் இங்கே நடத்தவில்லை. இருக்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சந்நிதியானிடம் போய்வாருங்கள், சோறு உண்ணுங்கள், சோறு போடுங்கள். ஆனால் உங்களுக்குக் கண் பிரஷர் என்று தெரிந்தும், ரொறன்ரோவில் இருக்கும் தம்பிக்கும் லண்டனில் இருக்கும் அக்காவுக்கும் இன்னும் சொல்லவில்லை என்றால், எந்தக் கற்பூரமும் அந்தக் கடனைக் கரைக்காது. ஒரு தொலைபேசி அழைப்பு. “எனக்கு இந்த வருத்தம் எண்டு சொல்லிப்போட்டினம், நீயும் ஒருக்காக் கண்ணைக் காட்டு.” அவ்வளவுதான் வசனம். அதைச் சொல்ல எந்தத் தெய்வமும் உங்களுக்குப் பதிலாக வராது. சொல்லாமல் விட்டதற்கு எந்தத் தெய்வத்தின் மீதும் பழி போடவும் முடியாது.